லிமாவின் ‘லும்’ நினைவகம்: அவசரமாகப் போகாதீர்கள்

வேலை விஷயமாக இரண்டு மாதம் பெருவில் இருந்தேன். தலைநகர் லிமாவைச் சுற்றிக்காட்டிய டூர்காரர்கள், உள்நாட்டுப் போரில் இறந்தவர்களுக்கான ‘லும்’ நினைவக அருங்காட்சியகத்தின் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை. “அது பழைய சண்டைக் கதை” என்றார்கள். அப்புறம் அலுவலக நண்பர்தான் கூட்டிப்போனார். அவருடைய சொந்த ஊர் அந்தப் போர் நடந்த அயகூச்சோ மலைப்பக்கம்.

லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில், கடலைப் பார்த்த சரிவில் கட்டியிருக்கிறார்கள். 2015இல் திறந்தது. நுழைவு இலவசம். விளக்கங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான், மொழி தெரிந்த யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘ஒளிரும் பாதை’ மாவோயிஸ்டுகள் 1980இல் தொடங்கிய போரில் ஏறத்தாழ 69,000 பேர் இறந்ததாக, அதை விசாரிக்க அரசு அமைத்த உண்மை ஆணையம் மதிப்பிட்டது. நாலில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசியவர்கள்.

உச்சுரக்காய் பற்றிய பகுதியில் எனக்குக் கால் நகரவில்லை. 1983 ஜனவரி 26 அன்று அந்த மலைக்கிராமத்துக்கு நடந்து வந்த 8 பத்திரிகையாளர்களை, ‘ஒளிரும் பாதை’ கொரில்லாக்கள் என்று நினைத்து ஊர்க்காரர்களே கொன்றுவிட்டார்கள். நடந்து வரும் அந்நியர்களைக் கொல்லச் சொல்லி அவர்களை முன்பே தூண்டிவிட்டிருந்தது போலீஸ். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் 135 பேர் செத்தார்கள். கொரில்லாக்கள் கொன்றார்கள், ராணுவம் கொன்றது, பக்கத்து ஊர்க் காவல்படைகளும் கொன்றன. ஊரே காலியானது.

“எங்கப்பாவும் ரோந்தாவில் இருந்தார்” என்றார் நண்பர். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய காவல்படைக்குத்தான் அந்தப் பெயர். நம்ம ஊர் ‘ரோந்து’ மாதிரியே காதில் விழுந்தது. முதலில் இரும்புத் தண்ணீர்க் குழாயை அறுத்து அவர்களே செய்த துப்பாக்கிதானாம். ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து திணிக்க வேண்டும். 1991இல் சட்டம் போட்டு இந்தப் படைகளை அங்கீகரித்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட வின்செஸ்டர் துப்பாக்கிகளை ராணுவம் கிராமங்களுக்குக் கொடுத்தது. முறை வந்த இரவில் காவலுக்குப் போகாதவனைச் சொந்த ஊரே சந்தேகப்படும். இன்றைக்கும் நாய் குரைத்தால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவாராம்.

கொரில்லாக்களை மலையிலிருந்து விரட்டியதில் இந்த மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சரி, ஆனால் எதிர்த்து நின்றதற்காக லுகானமார்கா என்ற ஊரில் குழந்தைகள் உட்பட 69 பேரை ஒரே நாளில் கொரில்லாக்கள் வெட்டிக் கொன்றார்களே! படை திரட்டச் சொன்ன அதிகாரிகள் யாரும் அந்த ஊரில் குடியிருக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிழைத்தவர்கள் ஆளுயரத் திரைகளில் நின்று நேருக்கு நேர் பேசுகிறார்கள். கெச்சுவாவில் ஒரு அம்மா பேசினார். நண்பர் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. அந்தத் திரைகளுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.