தலை திரும்பாத குழந்தை: சுகப்பிரசவமா, சிசேரியனா?

என் மகள் மாதம் நிறைந்தும் தலை திரும்பவில்லை. நாள் குறித்து சிசேரியன் செய்துகொண்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். இப்படித் தலை மேலேயும் புட்டமோ காலோ கீழேயுமாக இருப்பதைத்தான் பிரீச் என்கிறார்கள். ஆனால் "பிரீச் என்றால் ஆபரேஷன்தான், வேறு பேச்சே இல்லை" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சுகப்பிரசவத்துக்கும் நியாயமான ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் வேண்டாம் என்றேன்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 28-வது வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தை இப்படித்தான் இருக்கும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு குழந்தைகள்தான் திரும்பாமல் இருக்கும். ஆகவே ஏழாம் மாத ஸ்கேனில் பிரீச் என்று எழுதியிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குறைமாதமும் இரட்டைக் குழந்தையும் தனிக் கணக்கு, இங்கே அவற்றைத் தொடவில்லை. சிசேரியனில் தையல் வலி, எழுந்து நடக்கத் தாமதம், செலவு. சுகப்பிரசவத்தில் இவை குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி எண்கள். 2000-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் பிரீச் பிரசவம் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. 26 நாடுகள், 121 மருத்துவமனைகள், 2088 தாய்மார்கள். குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ, திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம் என்றது. உலகமே ஒரே நாளில் மாறியது போல ஆனது. நெதர்லாந்தில் பிரீச் குழந்தைகளுக்கு 50 சதவீதமாக இருந்த சிசேரியன், ஆய்வு வெளிவந்த இரண்டே மாதத்தில் 80 சதவீதமானது.

அதோடு கதை முடியவில்லை. அதே ஆய்வுக் குழு 2004-இல் குழந்தைகளின் இரண்டு வயது நிலையைப் பார்த்தபோது, இறப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம்: சிசேரியனில் 3.1 சதவீதம், சுகப்பிரசவத்தில் 2.8 சதவீதம். 2006-இல் ஃபிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் 174 மருத்துவமனைகளில் 8105 தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே இடுப்பெலும்பை அளந்து, தகுதியானவர்களை மட்டும் தேர்ந்து, வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ் 2017 வழிகாட்டுதலில் தந்த கணக்கைத்தான் நான் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டேன். பிரசவத்தையொட்டிக் குழந்தை இறப்பது, 39 வாரத்துக்குப் பிறகு நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் 1000-க்கு 0.5, திட்டமிட்ட பிரீச் சுகப்பிரசவத்தில் 1000-க்கு 2, தலை இறங்கிய குழந்தையின் வழக்கமான பிரசவத்தில் 1000-க்கு 1. சிசேரியனின் எண் குறைவாக இருக்க ஒரு காரணம், 39 வாரத்துக்குப் பிறகு வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் வாய்ப்பை அது முன்கூட்டியே தவிர்த்துவிடுகிறது. அதைக் கழித்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். "நாலு மடங்கு ஆபத்து" என்று கேட்கும்போது வயிறு கலங்கும். ஆயிரத்தில் ஒன்றரை குழந்தை என்று பார்த்தால் யோசிக்க இடம் கிடைக்கும்.

அப்படியானால் நான் ஏன் சிசேரியன் பக்கம்? பிரசவம் பார்க்கும் கை. இந்த ஒன்றுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

பிரீச்சில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் உடம்பில் பெரிய பாகம் தலை. தலை முதலில் வரும்போது, எலும்புகள் மெல்ல ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து வழிக்கு ஏற்ப ஒடுங்கிக்கொள்ள மணிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. பிரீச்சில் புட்டமும் உடலும் வெளியே வந்த பிறகு தலை வர வேண்டும், அதற்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் தொப்புள்கொடி தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும். தொப்புள் வெளியே தெரிந்து மூன்று நிமிடத்துக்கு மேல் தலை வரவில்லை என்றால் மருத்துவர் கை வைத்தாக வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். அதற்கு முன்னால் அவசரப்பட்டு இழுக்கவும் கூடாது; இழுத்தால் குழந்தையின் கை மேலே போய்விடும், தாடை நிமிர்ந்து தலை மாட்டிக்கொள்ளும். சும்மா நிற்கத் தெரிய வேண்டும், சரியான நொடியில் குழந்தையை முன்கையில் கிடத்தி, கன்ன எலும்பில் இரண்டு விரலும் பின்தலையில் மறு கையுமாகத் தலையைக் குனிய வைத்து எடுக்கவும் தெரிய வேண்டும். படம் பார்த்து இது கைக்கு வராது.

நான் எங்கள் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"மேடம், எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா இங்க யார் இருப்பாங்க?"

"டியூட்டி டாக்டர் இருப்பாங்க. நான் வந்து சேர அரை மணி நேரம் ஆகும்மா."

"அவங்க பிரீச் பார்த்திருக்காங்களா?"

"பொம்மையை வச்சுப் பழகியிருப்பாங்க. நான் பி.ஜி. படிக்கும்போது ஜி.ஹெச்.ல எங்க புரொஃபசர் பக்கத்துல நின்னு நிறைய பார்த்திருக்கேன், செஞ்சும் இருக்கேன். அதுக்கப்புறம் எல்லாமே சிசேரியன்தான். கை விட்டுப் போச்சும்மா, உண்மையைச் சொல்றேன்."

அந்த உண்மைக்காக அவர் மேல் மதிப்பு கூடியது. என் முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஆய்வைக் குறை சொல்பவர்கள் எழுப்பும் கேள்வியும் இதுதான்: எத்தனை பிரசவங்களில் உண்மையிலேயே பழகிய கை இருந்தது? ஆய்வு வந்த பிறகு எல்லோரும் சிசேரியனுக்கு மாறினார்கள். அதனால் அடுத்த தலைமுறை மருத்துவர்களுக்குப் பழகவே வாய்ப்பில்லை. தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 64 பிரசவம் சிசேரியனாக இருந்தது. தலை நேராக இருக்கும் குழந்தைகளுக்கே இந்த நிலை என்னும்போது, பிரீச் சுகப்பிரசவத்தில் பழகிய ஒருவர் என் வலி வரும் நேரத்தில் அங்கே இருப்பார் என்று நான் எப்படி நம்ப?

"அந்தக் காலத்துல வீட்டிலேயே பெத்தோமே" என்று எங்கள் அத்தை சொன்னார். அவருடைய கொழுந்தனார் காலால் பிறந்தவர். இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஊரில் அவரைத்தான் மிதிக்கக் கூப்பிடுவார்கள். பிழைத்து வளர்ந்தவரை எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிறக்கும்போதே போன பிள்ளைகளைப் பற்றி மெதுவாகக் கேட்டபோது, அத்தையே இரண்டு வீட்டைச் சொன்னார்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். சுகப்பிரசவம் என்று திட்டமிடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நடுவில் சிசேரியன் செய்ய வேண்டி வருகிறது. வலியும் பட்டு, அவசர ஆபரேஷனும் ஆவது இரண்டு வழியிலும் மோசமானது. கால் கீழே இறங்கியிருந்தால் பேச்சே வேண்டாம். பனிக்குடம் உடையும்போது கொடி முதலில் நழுவி வெளியே வரும் வாய்ப்பு நூற்றுக்கு 15-ஐத் தொடும். கால்கள் மேல்நோக்கி நீட்டி, புட்டம் மட்டும் கீழே இருக்கும் குழந்தைக்கு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இது எந்த வகை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போடவில்லை என்றால் கேளுங்கள்.

சிசேரியனின் விலை இந்தப் பிரசவத்தில் அவ்வளவாகத் தெரியாது, அடுத்ததில்தான் தெரியும். ஒரு சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் முயன்றால் 200-இல் ஒருவருக்குக் கர்ப்பப்பைத் தழும்பு பிரியலாம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடினால், அது பழைய தழும்பில் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சு அப்படிக் கீழே இருந்து மறுபடி சிசேரியன் ஆனவர்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதம் பேருக்கும் அப்படி ஊடுருவியிருந்தது. இது தாயின் உயிரோடு விளையாடும் ரத்தப்போக்கு. எனக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்ற எண்ணம், அதனால் இந்தப் பாரம் எனக்குக் குறைவு. மூன்று, நான்கு பிள்ளைகள் வேண்டும் என்பவருக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். இரண்டாவது பிரசவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் இந்தப் பகுதியில் என் சொந்த அனுபவம் என்று எதுவும் கிடையாது.

இரண்டையும் தவிர்க்கும் வழியும் ஒன்று இருக்கிறது. 36, 37-வது வாரத்தில் மருத்துவர் வயிற்றின்மேல் கை வைத்து, ஸ்கேன் பார்த்தபடியே குழந்தையைத் திருப்பிவிடுவது. இ.சி.வி. என்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பிவிடும். முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். 200-இல் ஒருவருக்கு உடனே சிசேரியன் செய்ய நேரலாம், ஆகவே தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். எனக்குப் பனிக்குட நீர் குறைவாக இருந்ததால் முயலவில்லை. அதில் எவ்வளவு வலிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தகுதி இருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பேன். யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புட்டம் கீழே இருக்கும் வகை, மூன்று கிலோவை ஒட்டிய எடை, குனிந்த தலை, முன்பு ஒரு சுகப்பிரசவம், அதோடு பிரீச் பார்த்துப் பழகிய மருத்துவர் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை. இத்தனையும் அமைந்த பெண் சுகப்பிரசவம் கேட்டால் நான் தடுக்கமாட்டேன். வலி தானாக எடுத்து, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து, குழந்தையும் இறங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களுக்குச் சிசேரியனுக்கு நேரமே இருக்காது என்பதால், இந்தக் கைப்பழக்கம் நம் மருத்துவர்களிடம் அழியாமல் இருக்க வேண்டும் என்றும் மனதார விரும்புகிறேன்.

எந்த வழியில் பிறந்தாலும் பிரீச் குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிசேரியன் செய்துகொண்டதால் அது போய்விடாது. ஆறு வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் ஆகும்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.