வால்கிரைண்டா, அட்ரஸ் சானிடைசரா?

ஹட்டன் பக்கம் லயத்து வீட்டில் இருந்து சி மொழி படிக்கும் தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, பிழையே காட்டவில்லை, ஆனால் விடை மட்டும் ஏன் தப்பாக வருது?" நிரலைப் பார்த்தேன். ஐந்து எண்களுக்கான அணி. சுற்று ஆறு தடவை ஓடுகிறது.

நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வால்கிரைண்டில் ஓட்டினோம். சத்தமே இல்லை. செயற்கூறுக்குள் அறிவித்த அணி ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கும். அதன் எல்லையைத் தாண்டுவது வால்கிரைண்டுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் மல்லொக் மூலம் எடுத்த இடமாக இருந்தால் பிடித்திருக்கும். அதே வேலைக்குத் தொகுப்பியிலேயே இருக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துத் திரும்பத் தொகுத்ததும் நிரல் அந்த வரியிலேயே நின்று, வரி எண்ணையும் சொன்னது. (தொகுக்கும்போது மைனஸ் ஜி என்ற தெரிவைக் கொடுக்க மறந்தால் வரி எண் வராது, இரண்டிலுமே.)

வேகத்திலும் அதுதான் முந்துகிறது. சானிடைசரோடு நிரல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகும். வால்கிரைண்டில் இருபது முப்பது மடங்குகூட ஆகலாம். பழைய லெப்டொப்பில் அது நன்றாகவே தெரியும். இன்னொன்று, உபுண்டுவில் ஜிசிசி என்ற சி தொகுப்பியைப் போட்டாலே சானிடைசர் கூட வந்துவிடும். வால்கிரைண்டைத் தனியாக இறக்க வேண்டும். மழை நாளில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காக 2002இல் முதல் பதிப்பு வந்த வால்கிரைண்டைத் தூக்கிப் போட முடியாது. தொடக்க மதிப்பு கொடுக்காத மாறியை நம்பி ஒரு இஃப் முடிவெடுத்தால் அதுதான் காட்டிக் கொடுக்கும்; சானிடைசர் கண்டுகொள்ளாது. திரும்பத் தொகுக்கவும் வேண்டாம்.

தங்கச்சிக்குச் சானிடைசரை எப்போதும் போட்டே தொகுக்கச் சொன்னேன். ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறினால் மட்டும் வால்கிரைண்ட். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஓடாது. அதையும் அவள் போட்டுப் பார்த்துவிட்டாள்.