கிட்ஹப்பா, கிட்லேபா: புது ரெப்போவை எங்கே திறப்பது?

காட்பாடியில் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் தொடங்கும் மாணவர்களும், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னக் குழுக்களும் கேட்பது ஒரே கேள்விதான்: கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் ரெப்போவை (repository) கிட்ஹப், கிட்லேப் என்ற ஆன்லைன் தளங்களில் எதில் திறப்பது? இரு தரப்புக்கும் என் பதில் வேறு.

மாணவர் என்றால் கிட்ஹப்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அதுவே பலருக்கும் பழகிய இடம். 2019க்கு முன் இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போ கிடையாது. 2020 ஏப்ரலில் அதில் சேர்வோர் எண்ணிக்கைக்கான வரம்பும் போய்விட்டது. கிட்லேபின் இலவசப் பிரைவேட் குழுவில் 5 பேருக்குத்தான் இடம். இதேபோன்ற இன்னொரு தளமான பிட்பக்கெட்டிலும் அதே 5. ஆறு பேர் சேர்ந்த பேட்ச் அங்கேயே முட்டி நிற்கும். மெஷின் லேர்னிங் மாடல் ஃபைல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 100 எம்பியைத் தாண்டிய ஃபைலை கிட்ஹப் ஏற்காது, பெரிய ஃபைல்களைத் தனியாக வைக்கும் எல்எஃப்எஸ் வசதி வேண்டும்.

தொழிற்சாலை வேலை என்றால் கதையே வேறு. “எங்க கணக்கு வெளிய போகக் கூடாது” என்பார் முதலாளி. நியாயமான பேச்சு. அவர் ஆபீஸ் சர்வரிலேயே கிட்லேபின் இலவசப் பதிப்பை நிறுவிவிடலாம். ஆனால் அது ராம் தின்னும். பழைய மெஷின்தான் இருக்கிறது என்றால் கிட்டீ என்ற இலகுவான மென்பொருள் போதும். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி மீதே ஓடும். பேக்கப் மட்டும் உங்கள் பொறுப்பு, அதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

சரி, ரெப்போ திறக்கும் வேலை. கோட் ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தால், கிட்ஹப் பக்கத்தில் ரீட்மீ (அறிமுகக் குறிப்பு), லைசென்ஸ் எதையும் சேர்க்காமல் காலியாகத் திறங்கள். சேர்த்தால் உங்களிடம் இல்லாத ஒரு கமிட் (பதிவான மாற்றம்) அங்கே உருவாகி, கோடை ஏற்றும் முதல் புஷ்ஷே திரும்பி வரும். பதற்றத்தில், அங்கிருப்பதை மேலெழுதிவிடும் ஃபோர்ஸ் புஷ் செய்யப் பழகுவது இங்கேதான், அந்தப் பழக்கம் பிறகு கூட்டாளியின் வேலையை அழிக்கும். கிட்லேபில் இந்தச் சிக்கலைத் தவிர்க்க வழி உண்டு: இல்லாத ப்ராஜெக்ட் பெயருக்கே புஷ் செய்தால் அது தானாக, பிரைவேட்டாக உருவாகிவிடும். எனக்குப் பிடித்த வசதி.

2021 ஆகஸ்டிலிருந்து கிட்ஹப்பில் புஷ் செய்யக் கணக்கின் பாஸ்வேர்ட் செல்லாது. உங்கள் கணினியில் உருவாக்கும் எஸ்எஸ்ஹெச் சாவியோ, கிட்ஹப் தரும் டோக்கனோ வேண்டும்.

எந்த இடமானாலும், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஃபைலை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் (ரெப்போவில் சேர்க்கக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) எழுதிவிடுங்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.