ஒற்றைத் தலைவலி தீரும் என்று சொல்லிக் கழுத்தைத் திருப்புகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

மதுரை பைபாஸ் சாலைப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பிசியோதெரபி நிலையத்தில் என் தங்கைக்கு நேர்ந்ததை, கழுத்துவலியோடும் தலைவலியோடும் சிகிச்சை தேடுகிறவர்கள் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன். தையல் வேலை செய்யும் அவளுக்குக் கழுத்துவலி நெடுநாளாக உண்டு. அதோடு வாந்தியும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வேதனையுமாக ஒற்றைத் தலைவலியும் அடிக்கடி வரும்.

"கழுத்து நரம்பு சிக்கியிருக்கிறது, எடுத்துவிட்டால் தலைவலி திரும்பவே வராது" என்று உறுதி சொல்லி, முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். வலி எப்படித் தொடங்குகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், இரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. போகும்போதெல்லாம் கரண்ட் வைத்தார்கள். பிறகு ஓர் இளைஞர் தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்பி நெட்டி எடுத்தார். வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. அப்படி நெட்டி எடுத்த ஒரு நாள் அவளுக்குத் தலைசுற்றி, பார்வை இரண்டாகத் தெரிந்தபோது, "நரம்பு விடுபடும்போது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாகவே என்றாலும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயான தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்துப்போதல் ஆகியவை அதன் அறிகுறிகள், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. நல்லவேளையாக, ஸ்கேனில் அவளுக்குத் தமனிக் காயம் எதுவும் இல்லை.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் விளக்கினார். கழுத்தின் மேல்பகுதியிலுள்ள மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், ஒற்றைத் தலைவலியே கழுத்துவலியாகவும் தோன்றலாம். கழுத்து மூட்டிலிருந்து கிளம்பும் தலைவலி வேறு வகை. அதைக் கண்டறிய, தலையை முழுவதும் முன்னே குனியவைத்து இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார்கள். சாதாரணமாக 44 பாகை (டிகிரி) அளவு திரும்ப வேண்டிய கழுத்து, பாதித்த பக்கம் வெகு குறைவாகவே திரும்பும். அந்த வகைக்கும் கழுத்தின் ஆழ்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே முக்கியம்; கையால் மூட்டை அசைத்துச் செய்யும் சிகிச்சை அதற்குத் துணை. ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தனியாகத் தேவை. அதிலும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்றார்.

நெட்டி எடுத்தவரின் படிப்பைக் கேட்டபோது, குறுகிய காலப் பயிற்சி என்றார்கள். பிசியோதெரபி பட்டப்படிப்பு, உள்ளகப் பயிற்சியோடு குறைந்தது நாலரை ஆண்டு.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியதால் மீதிப் பணத்தைக் கேட்டோம்; தர மறுத்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அவர்கள் கொடுத்த சீட்டில் நிலையத்தின் பெயர்கூட இல்லாததால், வங்கிப் பரிமாற்றப் பதிவையும் ஸ்கேன் அறிக்கையையும் சேர்த்து ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம்.