எழில் மொழியின் கட்டுப்பாட்டுச் சொற்கள்: ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நிரல் எழுதக் கற்றுத்தருபவன் என்ற முறையில், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும், தமிழ்ச் சொற்களில் கணினிக்குக் கட்டளை எழுதும் நிரல்மொழியை அதன் கட்டுப்பாட்டுச் சொற்களைக் கொண்டு, அதாவது எந்தக் கட்டளை எப்போது, எத்தனை முறை நடக்க வேண்டும் என்று சொல்லும் சொற்களைக் கொண்டு, மதிப்பிட விரும்புகிறேன்.

இம்மொழியின் தலையாய சிறப்பு அதன் சொல்வரிசை. "@( மதிப்பெண் >= 30 ) ஆனால்" என்று நிபந்தனை முன்னும் கட்டளைச் சொல் பின்னும் நிற்பதால், பிள்ளைகள் வரியை வாய்விட்டு வாசித்தாலே பாதிப் பொருள் விளங்கிவிடுகிறது. இங்கே 'ஆனால்' என்பதற்கு 'அப்படியானால்' என்று பொருள்; ஆயினும் அச்சொல்லை நாம் அன்றாடம் மறுத்துப் பேசவே பயன்படுத்துகிறோம். இங்குள்ள பிள்ளைகளோ 'எனில்' என்று பொருள்படும் மலையாளத்து 'எங்கில்' என்பதை நாள்தோறும் கேட்பவர்கள். 'எனில்' என்று இருந்திருந்தால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நடத்தும் சுழற்சிக்கான 'வரை' என்னும் சொல். "@( எண் < 10 ) வரை" என்ற வரியை 'எண் பத்துக்குக் குறைவாக இருக்கும் வரை' என்றும் வாசிக்கலாம், 'எண் பத்துக்குக் குறையும் வரை' என்றும் வாசிக்கலாம். முதல் வாசிப்பில், 1 இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடும் எண்ணுக்குச் சுழற்சி ஒன்பது முறை நடக்கும். இரண்டாவதில், நிபந்தனை தொடக்கத்திலேயே நிறைவேறிவிட்டதால் ஒருமுறைகூட நடக்காது. எழில் முதல் பொருளையே கொள்கிறது, ஆனால் அதை வரியிலிருந்து அறிய வழியில்லை. ரூபி நிரல்மொழி இவ்விரண்டுக்கும் வைல் (இருக்கும் வரை), அன்டில் (ஆகும் வரை) என்று தனித்தனிச் சொற்களை வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. இங்கே 'இருக்கும்வரை' என்று ஒரே சொல்லாக ஆக்கியிருந்தாலே போதும்.

சுழற்சியை இடையிலேயே முடித்து வெளியேறச் செய்யும் 'நிறுத்து' குறையற்ற தேர்வு. நடப்புச் சுற்றின் மீதியை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குத் தாவச் செய்யும் 'தொடர்' அப்படியல்ல: அடுத்த வரிக்குப் போவதா, அடுத்த சுற்றுக்குப் போவதா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள், பெர்ல் மொழியின் நெக்ஸ்ட் போல 'அடுத்து' என்றிருந்தால் தயக்கம் இராது. ஏறக்குறைய எல்லாக் கட்டளைப் பகுதிகளையும் ஒரே 'முடி' மூடுவதால், ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும்போது எது எதை மூடுகிறது என்பதை வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியான உள்தள்ளலைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

முதன்முறை நிரல் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்மொழியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இம்மொழியின் மூலநிரல் எவரும் பார்த்து மாற்றும்படி திறந்தே இருப்பதால், பழைய நிரல்கள் பழுதாகாமல் 'எனில்', 'இருக்கும்வரை' ஆகியவற்றையும் மாற்றுச் சொற்களாக ஏற்கும்படி செய்யலாம் என்பதே உருவாக்குநர்களிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள்.