ஊதா மூடியா, பச்சை மூடியா?

காரைக்குடியில் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் முதுமுனைவர் ஆய்வாளர்கள் தடுமாறுவது குழாயில்தான்.

பிசிஆர் (மரபணுப் பகுதியைப் பெருக்கிப் பார்க்கும்) சோதனை: ஊதா (ஈடிடிஏ என்னும் உறைவுத் தடுப்பான்). பச்சையிலுள்ள உறைவுத் தடுப்பான் ஹெப்பாரின், ஆர்என்ஏவோடு ஒட்டிவந்து பிசிஆர் நொதியை முடக்கும். சில லுகேமியாக்களின் அடையாளமான பிலடெல்பியா இணைவு மரபணு இருந்தும் தெரியாமல் போகலாம்.

குரோமோசோம் சோதனை: பச்சை (சோடியம் ஹெப்பாரின்). ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆய்வக வளர்ப்பில் செல்கள் சரியாகப் பெருகாது.

நேரம்: ஆர்என்ஏவுக்கு 24 மணிக்குள் சேர்ப்பது நல்லது. காலைப் பல்லவன் ரயிலில் ஏற்றினால் மதியம் எழும்பூர். பச்சையை அறை வெப்பத்திலேயே வையுங்கள். குளிரில் உறையவிட்டால் செல்கள் செத்துவிடும். மே மாத வெயிலில் காருக்குள் கிடந்த குழாயை நம்பவே வேண்டாம்.

எலும்பு மஜ்ஜை மாதிரி சட்டென்று கட்டிதட்டிவிடும். எடுத்ததும் 8–10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள்.

லுகேமியா மருந்தான இமாட்டினிப் எடுப்பவரின் பிசிஆர் கண்காணிப்புக்கு ஊதா போதும். புதிய நோயாளியா? இரண்டிலும் எடுங்கள், இன்னொரு முறை எலும்பில் ஊசி குத்துவது பெருங்கொடுமை.