நியூ ஹாம்ப்ஷயரில் எட்டு குளிர்காலம்: ஃப்ரீ ஸ்டேட் பற்றிக் கேட்டவருக்கு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார், "உங்க நியூ ஹாம்ப்ஷயர்ல வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இருந்த வரியையும் எடுத்துட்டாங்களாமே, நாங்களும் வந்துடலாமா?" எடுத்தது உண்மைதான், 2025 ஜனவரியோடு அது போய்விட்டது. சம்பளத்துக்கு மாநில வரி இல்லை, கடையில் விற்பனை வரி இல்லை, இதெல்லாம் அவருக்கே தெரியும். சொத்து வரி வருடத்துக்கு இரண்டு முறை வந்து வயிற்றைக் கலக்கும் என்பதும் தெரியும். அவர் கேட்காமல் விட்டது பனியை யார் தள்ளுவார்கள் என்பதை. எனக்கு எட்டு வருடமாக அது ஒன்றுதான் தலைவலி.

கொஞ்சம் பின்கதை. யேலில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜேசன் சோரன்ஸ் 2001இல் ஒரு யோசனை சொன்னார்: அரசாங்கமும் வரியும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்கிற சுதந்திரவாதிகள் 20,000 பேர் ஒரே சின்ன மாநிலத்துக்குக் குடிபோனால் அதன் அரசியலையே மாற்றிவிடலாம். அதுதான் இந்த ஃப்ரீ ஸ்டேட் திட்டம். எந்த மாநிலம் என்று 2003இல் ஓட்டெடுத்து நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். குடிவருவேன் என்று உறுதி சொல்லிப் போட்ட கையெழுத்து 2016 பிப்ரவரியில் 20,000 ஆனது. அதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் குடிவர வேண்டும் என்பது பேச்சு. பெரும்பாலோர் வரவில்லை. பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வர்றோம்" என்று சொல்லிவிட்டு மொய்கூட அனுப்பாத ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட நான் 2017இல் வந்துவிட்டேன்.

எங்களுடையது சின்ன ஊர். மார்ச்சில் ஊர்க்கூட்டம் நடக்கும், பட்ஜெட்டை வரிவரியாக எடுத்து அங்கேயே ஓட்டுப் போடுவார்கள். அப்போது எனக்கு கிரீன் கார்டுதான் என்பதால் ஓட்டு இல்லாதவர்களுக்கான பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பனி தள்ள ஊருக்குப் புது லாரி வாங்கலாமா என்று இரண்டரை மணி நேரம் வாதம். கடைசியில் எல்லாரும் மஞ்சள் அட்டையைத் தூக்கினார்கள், மூன்று ஓட்டில் லாரி தோற்றது. எதிர்த்து அதிகம் பேசியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என்னைப் போலவே கையெழுத்துப் போட்டு வந்தவர். "எனக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்வேன், அடுத்தவன் பையில் கை வைக்க மாட்டேன்" என்பது அவருடைய வாதம். நானும் கை தட்டினேன் என்பதை மறைக்கவில்லை.

அந்த டிசம்பரில் ஒரே ராத்திரியில் முழங்கால் அளவு பனி. ஊரின் பழைய லாரி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே மனுஷர் சொந்த டிராக்டரில் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறார், எங்கள் வீட்டு வாசல் வரைக்கும். காசு நீட்டினேன், வாங்கவில்லை. மனைவி கொடுத்த முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது முதல் பனி விழுந்தால் அவரே "முறுக்கு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். நியூ ஜெர்சியில் ஒன்பது வருடம் இருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது.

சரி, எரிச்சல் எங்கே என்றால், அவர் வருவது பத்து மணிக்கு. எனக்கு வேலைக்கு ஏழுக்குக் கிளம்ப வேண்டும். சம்பளம் வாங்கும் டிரைவர் என்றால் ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தலாம், இவரிடம் என்ன கேட்பது? உபகாரம் செய்கிறவரிடம் நேரத்துக்கு வரச் சொல்ல வாய் வருமா? போன ஜனவரியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இரண்டு வாரம் தெருவே படுத்துவிட்டது.

சந்தோஷங்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜூனில் லங்காஸ்டர் என்ற ஊரில் போர்க்ஃபெஸ்ட் என்று ஃப்ரீ ஸ்டேட்காரர்களின் திருவிழா நடக்கும், முள்ளம்பன்றிதான் சின்னம். ஒரு வருடம் மனைவி அங்கே டீயும் லெமன் சாதமும் விற்றாள். ஒருவர் கோல்ட்பேக் கொடுத்தார், பிளாஸ்டிக் தாளுக்குள் ஒரு அவுன்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு தங்கம் வைத்த நோட்டு. எங்கள் ஊர்க் கடையில் அதை நீட்டினால் சிரிப்பார்கள், அதனால் வீட்டில் லட்சுமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, இவ்வளவு சுதந்திரம் பேசுகிற மாநிலத்தில் விஸ்கியை விற்பது அரசாங்கமே. நெடுஞ்சாலை ஓரத்திலேயே கடை போட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்ட டாஸ்மாக்.

ஆனால் மெய்யாகவே பயந்தது 2022இல். சுமார் 800 பேர் இருக்கும் கிராய்டன் என்ற ஊரில், ஃப்ரீ ஸ்டேட்டுக்காகக் குடிவந்த ஒருவர் மார்ச் கூட்டத்தில் எழுந்து, 17 லட்சம் டாலர் பள்ளி பட்ஜெட்டை 8 லட்சமாகக் குறைக்கலாம் என்றார். 20க்கு 14 என்று நிறைவேறிவிட்டது. மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். அப்புறம் மறு ஓட்டுக்கு ஓடினார்கள், பதிவான வாக்காளர்களில் பாதிக்கு மேல் வந்தால்தான் அது செல்லும். குறைப்பை ஆதரித்தவர்கள் வராமல் இருந்து பார்த்தார்கள், அப்படியும் மே மாதம் 377க்கு 2 என்று பழைய பட்ஜெட் திரும்பிவிட்டது. அந்த 20 பேரில் நானும் இருந்திருப்பேன் என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இருந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்கும் தைரியம் இல்லை. அதிலிருந்து ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை. மாலையில் பட்ஜெட் கமிட்டி, சனிக்கிழமை பொது விசாரணை. வரியில் மிச்சம் பிடித்ததை இப்படி நாற்காலியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் குடியுரிமை வந்துவிட்டது, முதல் முறையாக மஞ்சள் அட்டை என் கையில். ஊர்க்கூட்டத்தில் திரும்பவும் லாரிப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் பெல்ட்டோடு எழுந்து அதே வாதத்தைச் சொன்னார். நான் லாரிக்கு ஆதரவாகத் தூக்கினேன், அவர் திரும்பிப் பார்த்தார். திரும்பவும் தோற்றது, இந்த முறை ஒன்பது ஓட்டில். வெளியே வந்ததும் "அடுத்த பனிக்கு எட்டு மணிக்கே வரப் பார்க்கிறேன்" என்றார்.

நண்பரே, வராதீர்கள். எட்டு மணியும் எனக்கு லேட்டுதான். அப்புறம், எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, வாசல் சின்னது, தள்ளுவது சுலபம். பார்க்க வருவதென்றால் முந்தின நாள் சொல்லுங்கள்.